இந்தியன் ஓஷன்: சினிமாப் பாட்டு ஆளும் நாட்டில் ஒரு டெல்லி ராக் குழு 30 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது எப்படி?

படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது.

1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த 'பிளாக் ஃப்ரைடே' படம் நீதிமன்றத் தடையில் சிக்கியது. வழக்கில் தீர்ப்பு வரும் வரை திரையிடக் கூடாது என்றது மும்பை உயர் நீதிமன்றம். படம் திரைக்கு வந்தது 2007 பிப்ரவரியில்தான். ஆனால் அதன் பாடல்கள் 2005-லேயே வெளியாகிவிட்டன. பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' என்ற பாட்டு, படத்தைப் பார்க்காதவர்களின் கணினிகளுக்கும் எம்பி3 சிடிக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. யார் பாடியது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த பெயர் இந்தியன் ஓஷன்.

"புது குரூப் போல" என்று அப்போது பலரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தக் குழுவுக்கு அப்போதே 15 வயது.

இந்தியாவில் ஒரு ராக் குழு எப்படி உருவாகிறது, எப்படி மேலே வருகிறது, எதை வைத்துப் பிழைக்கிறது என்பதற்கு டெல்லியின் இந்தியன் ஓஷனை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில், 'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்றால் என்ன?

1980-களில் அமெரிக்காவில் பெரிய வானொலிகள் ஒலிபரப்பாத, கல்லூரி வானொலிகளில் மட்டும் கேட்ட ராக் இசைக்கு வந்த பெயர் இது. ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் அப்படி வளர்ந்தவை. 1991-ல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து பட்டிதொட்டியெல்லாம் பரவிய பிறகு, மாற்று என்று சொல்லப்பட்டதே மையநீரோட்டம் ஆகிவிட்டது. அது அவர்கள் கதை.

இந்தியாவில் 'மாற்று' என்றால், எதற்கு மாற்று? இங்கே பதில் ஒன்றுதான்: சினிமாப் பாட்டுக்கு.

நம்ம ஊரில் இசைக்குழு என்றதும் நினைவுக்கு வருவது கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, அதையே மேடையில் வாசித்து, அதில் வரும் காசில் வாழ்வது வேறு வகைத் தொழில். அந்தத் தொழில் இங்கே கிட்டத்தட்ட இல்லை என்ற நிலையில்தான் 1990-ல் இந்தக் குழு ஆரம்பித்தது. அவர்களுடைய இசையை ஃபியூஷன் என்பவர்களும் உண்டு, ஃபோக் ராக் என்பவர்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

யார் ஆரம்பித்தது?

கிட்டார் வாசித்த சுஸ்மித் சென், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தி. இருவரும் 1980-களின் நடுவில் சந்தித்து, சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தவர்கள். 1990-ல் அது இந்தியன் ஓஷன் ஆனது.

1991-ல் பாஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்தார் ராகுல் ராம். இவருடைய பின்னணி கொஞ்சம் விசித்திரம். ஐஐடி கான்பூரில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து, அணைக்கு எதிரான நர்மதா போராட்டத்தில் இறங்கியவர். அந்த அனுபவம் பிறகு நேராகப் பாட்டுக்குள் வந்தது.

1994-ல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலம் சேர்ந்தார். வங்காளத்து பாவுல் பாடகர்கள் கையில் பார்க்கும் 'கப்குபி' என்ற ஒற்றை நரம்புக் கருவியையும் அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். இந்த நான்கு பேர் அணி அடுத்த 15 ஆண்டுகள் மாறவில்லை. இந்திய ராக் குழுக்களில் இது அபூர்வம். படிப்பு முடிந்ததும் ஒருவர் பெங்களூரு போவார், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், குழு காணாமல் போகும். வழக்கமான கதை அதுதான்.

இசையில் என்ன புதிது?

அன்றைய டெல்லி ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடின. மேற்கத்தியக் குழுக்களின் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதுதான் திறமைக்கு அளவுகோல். கல்லூரி விழாப் போட்டிகளில் கைத்தட்டலும் அதற்குத்தான்.

இந்தியன் ஓஷன் வேறு பக்கம் போனது. ராக் கிட்டார் என்றால் நமக்கு நினைவு வரும் கரகரப்பான எலக்ட்ரிக் சத்தம் இவர்களிடம் குறைவு. சுஸ்மித்தின் கிட்டார் ராகத்தைப் பிடித்துக்கொண்டு நகரும். டிரம்ஸும் தபலாவும் ஒரே தாளத்தை இரண்டு பக்கத்திலிருந்து தள்ளும். நீளமான பாடல்கள், வார்த்தைகள் குறைவு.

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 2000-ல் வந்த 'கண்டிசா' ஆல்பத்தில் 'மா ரேவா' என்பது நர்மதை நதியைத் தாயாக அழைக்கும் நாட்டுப்பாட்டு. 'ஹில்லே லே' கோரக் பாண்டேயின் போஜ்புரிப் போராட்டப் பாட்டு. தலைப்புப் பாடலான 'கண்டிசா' கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களில் பாடப்படும் சிரியாக் மொழித் துதி. சிரியாக், இயேசு பேசியதாகக் கருதப்படும் அரமேயத்தின் ஒரு வகை. 2003 ஆல்பமான 'ஜீனி'யின் தலைப்புப் பாட்டு கபீருடையது.

இந்தி பேசும் நகரத்தில் உருவான ஒரு ராக் குழுவுக்கு, மலையாள தேசத்து தேவாலயப் பாட்டு அடையாளமாகிப் போனது. கேட்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்காவது சிரியாக் தெரிந்திருக்குமா? சந்தேகம்தான். அதனால் ஒன்றும் குறையவில்லை. புரியாத மொழியில் இருந்ததே அதற்கு உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கும் அது 'அடுத்த மாநிலத்துப் பாட்டு' ஆக இல்லை.

எப்படி மேலே வந்தார்கள்?

மெதுவாக. மிக மெதுவாக. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம்.

முதல் ஆல்பம் 1993-ல் எச்எம்வி வெளியிட்டது. அது கேசட் காலம். அடுத்தது 'டெசர்ட் ரெயின்', 1997. பிறகு 'கண்டிசா' 2000, 'ஜீனி' 2003, 'பிளாக் ஃப்ரைடே' 2005, '16/330 கஜூர் ரோடு' 2010, 'தந்தானு' 2014, 'து ஹை' 2023. ஆக, 30 ஆண்டுகளில் 8 ஆல்பங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி நான்கு ஆண்டுகளுக்கு மேல். கடைசி இடைவெளி மட்டும் 9 ஆண்டுகள். நம்ம ஊரில் பிஸியான ஒரு சினிமா இசையமைப்பாளர் ஒரே ஆண்டில் நாலைந்து படங்களை முடித்துவிடுகிறார்.

இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. ஆல்பம் விற்றுப் பிழைத்த குழு இல்லை இது. மேடைதான் சோறு போட்டது.

'டெசர்ட் ரெயின்' அதற்கு நல்ல சாட்சி. ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் இல்லை அது. 1997 ஜனவரி 1 அன்று டெல்லி மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு. அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காகத் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார் சஃப்தர் ஹாஷ்மி. அவர் நினைவாக உருவான 'சஹ்மத்' அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் கலைஞர்களைக் கூட்டுகிறது. ஜனவரிக் குளிரில் திறந்தவெளியில் வாசித்த இசை அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பமானது.

அந்தக் காலத்தில் ராக் குழுக்களுக்கு இருந்த வழிகள் சில: ஐஐடி உள்ளிட்ட கல்லூரி விழாக்கள், அலகாபாத்தில் 1993-ல் தொடங்கிப் பிறகு டெல்லிக்கு மாறிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை, அது நடத்திய 'கிரேட் இந்தியன் ராக்' விழா. வானொலி இல்லை. இணையம் அப்போதுதான் வருகிறது.

அதே ஊரில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

1991-ல் டெல்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்த பரிக்ரமா ஆங்கிலத்திலேயே நின்றது. ஆல்பம் விற்கும் வேலைக்கே போகாமல், பாடல்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. 2007-ல் பெங்களூருவில் அயர்ன் மெய்டனுக்கு முன்னால் மேடையேறி, அதே ஆண்டு பிரிட்டனின் டவுன்லோட் விழாவுக்கும் போனது. மருத்துவரான பலாஷ் சென்னின் யூஃபோரியா, 1998-ல் 'தூம் பிச்சக் தூம்' மூலம் இந்தி பாப் அலையில் ஏறியது. டிவி சேனல்கள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டன.

ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே காலம், மூன்று வேறு வழிகள். சினிமாவை மட்டும் நம்பி வளரவில்லை என்பதுதான் மூன்றுக்கும் பொது.

பாட்டை ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள்?

கதையின் கனமான பகுதி இது.

கரோல் பாக்கில் 16/330, கஜூர் ரோடு என்ற முகவரியில் ஒரு பழைய வீடு. (பழைய டெல்லித் தமிழர்களுக்கு கரோல் பாக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு பிடித்த இடம்.) குழு பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்தது அங்கேதான். அங்கே உருவான புதுப் பாடல்களை அஷீம் பாடிப் பதிவு செய்திருந்தார். ஆல்பம் வெளிவருவதற்குள், 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பில் இறந்துவிட்டார்.

2010 ஜூலையில் அந்தப் பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிட ஆரம்பித்தது குழு. மொத்தம் 7 பாடல்கள். ஆல்பத்தின் பெயர் அந்த வீட்டின் முகவரியேதான். இறந்தவரின் குரல் மாதாமாதம் புதிதாக வந்துகொண்டிருந்தது.

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் வியாபாரக் கணக்கும் இருந்தது. கேசட், சிடி காலத்து ஒப்பந்தங்களில் பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடம் போய்விடும். கலைஞருக்கு வருவது சிறு பங்கு. பாடல்களுக்கு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி உரிமையை இழக்காதபடி காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதே 2012-ல்தான். 2010-ல் சிடி விற்பனை சரிந்துகொண்டிருந்தது. எப்படியும் திருட்டுப் பிரதி சுற்றும். நாமே கொடுத்துவிட்டால் பாட்டு தெரிந்த கூட்டம் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கி வரும். இன்று ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் பாட்டைப் போட்டுவிட்டு மேடையில் சம்பாதிக்கும் குழுக்கள் செய்வது கிட்டத்தட்ட இதையேதான்.

அதே 2010-ல் ஜெய்தீப் வர்மா இயக்கிய 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படம் திரையரங்குகளுக்கே வந்தது, தேசிய விருதும் வாங்கியது. நான்கு பேர் அணி எப்படி வேலை செய்தது என்று பார்க்க நினைப்பவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 2014-ன் 'தந்தானு' ஆல்பத்தில் பாட்டுக்கொரு விருந்தாளியை அழைத்தார்கள். அதில் கஞ்சிராவோடு வந்தவர் செல்வகணேஷ், வயலினோடு வந்தவர் 'கணேஷ்–குமரேஷ்' இரட்டையரில் ஒருவரான குமரேஷ். சுபா முத்கல், சங்கர் மகாதேவன் ஆகியோரும் இருக்கிறார்கள்.

மற்றது மறைமுகமானது. சொந்த மொழி, சொந்த மண்ணின் தாளம், அதில் ராக் என்ற வழி தெற்கிலும் தனியாகவே திறந்தது. கேரளத்தில் அவியல் குழு மலையாளத்தில் அதைச் செய்தது. அவர்கள் ஆல்பம் 2008-ல் வந்தது. சென்னையில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. டெல்லியில் நர்மதை மக்களின் பாட்டு மேடைக்கு வந்தது மாதிரி, சென்னையில் வடசென்னையின் பாட்டு வந்தது. ஒரு வேறுபாடு: இங்கே அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர்களே மைக்கைப் பிடித்தார்கள்.

இப்போது டெல்லியில்?

ஆங்கிலத்தில் பாடும் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. 2024-ல் 'பீட்டா' ஆல்பத்தோடு உலகம் சுற்றியது. மெட்டல் குழுவான பிளட்டிவுட், டோலையும் இந்தி, பஞ்சாபி வரிகளையும் வைத்து 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவுக்குப் போனது. இந்தியில் ஆல்டர்னேட்டிவ் ராக் பாடி, சினிமா உதவி இல்லாமல் இளைஞர்களிடம் பெரிய பெயர் வாங்கிய தி லோக்கல் டிரெயினின் பாடகர் ராமன் நேகி 2022-ல் விலகினார். பாடகர் போனால் குழு என்ன ஆகும் என்ற கேள்வியை ரசிகர்கள் அப்போது விடாமல் கேட்டார்கள்.

இந்தியன் ஓஷன் அந்தக் கேள்வியை இரண்டு முறை சந்தித்திருக்கிறது. அஷீம் இறந்த பிறகு அவர் செய்த வேலையை ஒருவரிடம் கொடுக்க முடியவில்லை. பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என்று இருவர் வந்தார்கள். 2013-ல் சுஸ்மித் சென்னும் விலகினார். அவர் இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். 2015-ல் 'மசான்' படத்துக்கு இசையமைத்ததும், 2023-ல் 'து ஹை' ஆல்பத்தைக் கொண்டுவந்ததும் இந்தப் புது அணிதான். 1990-ல் குழுவை ஆரம்பித்த இருவரில் ஒருவரும் இன்று அந்த மேடையில் இல்லை. ஆனால் நிகழ்ச்சியின் கடைசியில் கூட்டம் கேட்பது இன்னமும் 'கண்டிசா'வைத்தான்.