புதிய கல்வியாண்டுக் கணினிச் சலுகைகள்

புதிய கல்வியாண்டுக் கணினிச் சலுகைகள் என்பன, ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கல்லூரி மாணவர்களையும் அவர்களது பெற்றோரையும் முன்னிட்டுக் கணினி நிறுவனங்களும் விற்பனை நிலையங்களும் அறிவிக்கும் விலைக்குறைப்பு, இலவச இணைப்பு, பணக்கழிவு முதலியவற்றைக் குறிக்கும். சில மாநில அரசுகள் இக்காலத்தில் வழங்கும் விற்பனை வரி விலக்கும் இதனுடன் சேர்த்தே பேசப்படுகிறது. அந்நாட்டில் கல்லூரிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் தொடங்குவதால், கிறிஸ்துமஸ் காலத்திற்கு அடுத்த பெரும் விற்பனைப் பருவமாக இது விளங்குகிறது. 2023 ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர் குடும்பங்களின் கொள்வனவு ஏறத்தாழ 9,400 கோடி டாலரை எட்டும் என்று அந்நாட்டின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டிருந்தது. அதில் மின்னணுப் பொருட்களுக்குரிய பங்கே பெரியது.

விளம்பரத்தில் காணப்படும் தொகையும் குடும்பத்தின் கையில் உண்மையில் மிஞ்சும் தொகையும் இச்சலுகைகளில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சலுகையின் நிபந்தனைகளே அதன் மதிப்பை முடிவு செய்கின்றன.

வரலாறு

மாணவருக்குக் குறைந்த விலையில் கணினி விற்கும் வழக்கம் 1980களில் வேரூன்றியது. நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் கல்லூரி 1983 இல் தன் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் செனித் நிறுவனத்தின் கணினியை வழங்கியது. பிலடெல்பியாவிலுள்ள டிரெக்செல் பல்கலைக்கழகம், புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அதற்கு அது தேர்ந்தெடுத்தது, அப்போது வெளியாகாதிருந்த ஆப்பிள் மாக்கின்டாஷ் கணினியை ஆகும். 1984 ஜனவரியில் 2,495 டாலர் விலையில் அறிமுகமான இக்கணினி, டிரெக்செல் மாணவர்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலருக்குக் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனம் 24 பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, அவற்றின் வழியாக மாணவர்களுக்குக் கணினிகளை விற்றது. கல்லூரியில் பழகிய கணினியையே பின்னர் அலுவலகத்திலும் வீட்டிலும் ஒருவர் நாடுவார் என்பது இதன் அடிப்படை எண்ணம். இன்றுள்ள 'கல்வி விலை' என்ற முறைக்கு இதுவே முன்னோடி எனலாம்.

இம்முயற்சிகள் எல்லாம் வெற்றி பெறவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளிலிருந்து விலகித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், 1988 இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே ஒரு கணினியை வெளியிட்டது. அதன் விலை 6,500 டாலர். மாணவர் எவரும் எட்டமுடியாத விலை அது. மாறாக, ஆப்பிள் 2002 ஏப்ரலில் கல்வி நிறுவனங்களுக்காக மட்டும் வெளியிட்ட ஈமாக் என்னும் கணினியைப் பொதுமக்களும் கேட்டதால், சில வாரங்களிலேயே அது எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது.

1990களின் இறுதியில் கணினி விலை சரிந்தபோது புதுவகைச் சலுகை ஒன்று தோன்றியது. மூன்றாண்டுகளுக்கு இணைய இணைப்பு பெற ஒப்பந்தம் செய்தால் கணினி விலையில் 400 டாலர் உடனடிக் கழிவு என்பதே அது. 400 டாலருக்கு விற்கப்பட்ட கணினிகள் இதனால் 'இலவசம்' என்று விளம்பரப்படுத்தப்பட்டன. ஆனால் மாதம் 21.95 டாலர் வீதம் 36 மாதங்களுக்குக் கட்டவேண்டிய தொகை 790.20 டாலர். பல்கலைக்கழக விடுதியில் கட்டணமின்றி இணைய இணைப்பு கிடைக்கும் மாணவருக்கு இது வெறும் கடனே. இதில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. கலிபோர்னியா, ஓரிகன் ஆகிய மாநிலங்களின் சட்டங்கள் காரணமாக அங்குள்ளவர்கள் ஒப்பந்தத்தை உடனே கைவிட்டாலும் கழிவுத்தொகையைத் திருப்பித்தர வேண்டியதில்லை என்பது வெளியே தெரிந்ததும், கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2000 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அவ்விரு மாநிலங்களிலும் தன் சலுகையை நிறுத்திக்கொண்டது.

சலுகை வகைகள்

கல்வி விலை

மாணவர், ஆசிரியர், கல்லூரி ஊழியர் ஆகியோருக்கு ஆண்டு முழுவதும் வழங்கப்படும் குறைந்த விலை கல்வி விலை எனப்படும். கல்லூரியில் இடம் கிடைத்து இன்னும் சேராதவரும், மாணவருக்காக வாங்கும் பெற்றோரும் இதற்குத் தகுதியுடையவர்கள் என்பது பலர் அறியாதது. 1,000 டாலர் அளவிலான மடிக்கணினிக்கு ஏறத்தாழ 100 டாலர் குறைவது வழக்கம். தகுதியைச் சரிபார்க்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலர் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கேட்கின்றனர், சிலர் யூனிடேஸ் போன்ற சரிபார்ப்பு நிறுவனங்களை அமர்த்துகின்றனர். 2022 ஜனவரியில் ஆப்பிள் தன் அமெரிக்க இணையக் கடையில் யூனிடேஸ் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொண்டது.

இலவச இணைப்புகள்

கோடைகாலத்தில் கல்வி விலையுடன் ஒரு பொருளும் சேர்த்துத் தரப்படுகிறது. ஆப்பிள் 2000களின் பிற்பகுதியில் ஐபாட் இசைக்கருவியை இவ்வாறு தந்தது. 2011 இல் 100 டாலர் பரிசு அட்டை, 2015 இல் பீட்ஸ் காதணிபாடிகள், 2020 இல் ஏர்பாட்ஸ் என இணைப்புகள் காலத்திற்கேற்ப மாறின. 2011 கோடையில் 699 டாலருக்கு மேற்பட்ட விண்டோஸ் கணினி வாங்கிய மாணவர்களுக்கு மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை இலவசமாக வழங்கியது. படிப்பதற்குக் கணினி வாங்கித்தரும் பெற்றோர் இதை எவ்வாறு வரவேற்றிருப்பர் என்பது வேறு கேள்வி. இணைப்புப் பொருள் தேவையற்றதாயின் அதன் மதிப்பை விலையிலிருந்து கழித்துப் பார்ப்பது தவறான கணக்காகும்.

அஞ்சல்வழிக் கழிவு

2000களின் முற்பகுதியில் மிகவும் பரவலாக இருந்த இம்முறையில், வாங்குபவர் முழு விலையையும் கடையில் செலுத்த வேண்டும். பின்னர் பெட்டியிலுள்ள பட்டைக்குறியை வெட்டியெடுத்து, ரசீதுடனும் விண்ணப்பத்துடனும் குறித்த நாளுக்குள் அஞ்சலில் அனுப்பினால், பல வாரங்கள் கழித்துக் காசோலை வரும். பட்டைக்குறியை வெட்டிவிட்டால் பொருளைக் கடையில் திருப்பித்தர முடியாமற் போவதுண்டு. விண்ணப்பிக்க மறப்பவர்களும், சிறு பிழையால் நிராகரிக்கப்படுபவர்களும் இருப்பதாலேயே இச்சலுகை விற்பனையாளருக்குக் கட்டுபடியாகிறது. கழிவுத்தொகை உரிய காலத்தில் தரப்படாதது குறித்து, ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2005 இல் காம்ப்யுஎஸ்ஏ என்னும் கணினிக் கடைத்தொடர் மீது நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் பெஸ்ட் பை நிறுவனம் இம்முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தது.

மென்பொருட்கள்

மென்பொருள்களில் மாணவர் விலைக்கும் பொதுவிலைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. 2007 இல் மைக்ரோசாப்ட் ஆபிஸ் அல்டிமேட் 59.95 டாலருக்கும், 2009 இல் விண்டோஸ் 7 பதிப்பு 29.99 டாலருக்கும் மாணவர்களுக்குத் தரப்பட்டன. தற்போது பல கல்லூரிகளின் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு ஆபிஸ் மென்பொருளின் இணையப் பதிப்பைக் கட்டணமின்றியே பெறலாம். எனவே கணினியுடன் சேர்த்துக் கடையில் விற்கப்படும் மென்பொருள் தொகுப்பை வாங்குமுன் கல்லூரியில் கேட்டறிவது நன்று.

விற்பனை வரி விடுமுறை

ஐக்கிய அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். விலைப்பட்டியலில் வரி சேர்க்கப்படுவதில்லை. கட்டணம் செலுத்தும்போதுதான் கூட்டப்படுகிறது. கல்வியாண்டுத் தொடக்கத்தை ஒட்டிச் சில மாநிலங்கள் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட பொருட்களுக்கு இவ்வரியை நீக்குகின்றன. இது வரி விடுமுறை எனப்படுகிறது. நியூயார்க் மாநிலம் 1997 இல் ஆடைகளுக்கு இதனைத் தொடங்கி வைத்தது. எல்லா மாநிலங்களும் கணினியைச் சேர்ப்பதில்லை. தென் கரொலைனா சேர்க்கிறது. அலபாமாவில் 750 டாலர் வரையிலும், டென்னசியில் 1,500 டாலர் வரையிலும் உள்ள கணினிகளுக்கே விலக்கு உண்டு. புளோரிடா 2025 இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கு ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஆண்டுதோறும் வரி விடுமுறையாகும். கணினிக்கான வரம்பு அங்கும் 1,500 டாலரே.

இவ்வரம்பு கவனத்திற்குரியது. புளோரிடாவில் 1,501 டாலர் விலையுள்ள கணினிக்கு, வரம்பைக் கடந்த ஒரு டாலருக்கு மட்டுமன்றி முழுத்தொகைக்கும் வரி உண்டு. மாநில வரி 6 விழுக்காடு என்பதால் அது மட்டுமே 90 டாலருக்கு மேலாகும். ஆனால் கடைக்காரர் தரும் தள்ளுபடி விற்பனை விலையைக் குறைப்பதாகக் கொள்ளப்படுகிறது. 1,599 டாலர் கணினி 100 டாலர் தள்ளுபடியால் 1,499 டாலருக்கு வந்தால் வரியும் இல்லாமற் போகும். தயாரிப்பாளர் பின்னர் அனுப்பும் கழிவுக்கு இது பொருந்தாது.

ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்சயர், டெலவெயர், அலாஸ்கா ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. வரி விடுமுறைகள் மக்கள் எப்படியும் வாங்கவிருந்த பொருளை வாங்கும் நாளைத்தான் மாற்றுகின்றன, புதிய விற்பனையை உருவாக்குவதில்லை என்று வரி அறக்கட்டளை என்னும் ஆய்வமைப்பு தொடர்ந்து விமர்சித்து வருகிறது.

வருமான வரியும் கல்வி உதவியும்

விளம்பரங்களில் இடம்பெறாத, ஆனால் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கடைச்சலுகையைவிட மிகுந்த பயன் தரவல்ல வழிகள் இவை.

'529 திட்டம்' எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுத்தால் அதற்கு வரி இல்லை. இவ்விதி 2009, 2010 ஆகிய ஆண்டுகளுக்குத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு, 2015 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் நிலையாக்கப்பட்டது.

அமெரிக்க வாய்ப்பு வரிச்சலுகை என்பது, முதல் நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வருமான வரியைக் குறைப்பது. செலவில் முதல் 2,000 டாலர் முழுமையாகவும் அடுத்த 2,000 டாலரில் நான்கில் ஒரு பங்கும் கணக்கிடப்படும். படிப்பிற்குக் கணினி தேவையாக இருந்தால், அது எந்தக் கடையில் வாங்கப்பட்டதாயினும் அதன் விலையை இச்செலவில் சேர்க்கலாம். கல்விக் கட்டணமே 4,000 டாலரைத் தாண்டிய மாணவருக்குக் கணினியால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. கட்டணம் குறைவாகவுள்ள சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கே இது பொருள் உடையது. அவர்கள் வாங்கும் 900 டாலர் கணினி முழுவதும் முதல் 2,000 டாலருக்குள் அடங்கினால், வரிக்கணக்கில் 900 டாலர் குறையக்கூடும். எந்தக் கடையும் அவ்வளவு தள்ளுபடி தருவதில்லை. செலுத்தவேண்டிய வரி இல்லாதவருக்கும் இச்சலுகையில் 40 விழுக்காடு, அதாவது 1,000 டாலர் வரை, பணமாகக் கிடைக்கும். ஒரே செலவை 529 கணக்கிற்கும் இச்சலுகைக்கும் சேர்த்துக் காட்ட முடியாது. ரசீதைப் பாதுகாப்பது இன்றியமையாதது.

கல்லூரியின் நிதியுதவி அலுவலகம், மாணவரின் படிப்புச் செலவுக் கணக்கில் கணினிக்கென நியாயமான ஒரு தொகையைச் சேர்க்கலாம். கோடையில் முன்கூட்டியே வாங்கிய கணினியும் இதில் அடங்கும். ஆயினும் இதன் விளைவாகக் கிடைப்பது பல நேரங்களில் கடனே தவிர நன்கொடை அன்று.

கவனிக்க வேண்டியவை

'18 மாதங்களுக்கு வட்டியில்லை' என்று கடை அட்டைகள் தரும் தவணைச் சலுகை பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட வட்டியாகும். கடைசி நாளன்று ஒரு சிறு தொகை நிலுவையில் இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து முழுத்தொகைக்கும் வட்டி சேர்க்கப்படும். கல்லூரி வளாகத்தில் பரிசுப்பொருள் கொடுத்து மாணவர்களைக் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்க வைப்பதை 2009 ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டம் தடைசெய்தது.

கோடைத் தள்ளுபடியில் வருபவற்றில் பழைய இருப்பும் உண்டு. குரோம்புக் மடிக்கணினிகளுக்குப் பத்தாண்டுகள் இற்றைப்படுத்தல் வழங்குவதாகக் கூகிள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அப்பத்தாண்டு, வாங்கிய நாளிலிருந்து அன்றி, அந்த வன்பொருள் வகை முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஐந்தாண்டு பழைய வகையை மலிவாக வாங்கும் முதலாண்டு மாணவருக்குப் பாதிக்காலம் ஏற்கனவே கழிந்துவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, சேரவிருக்கும் துறை எத்தகைய கணினியைக் கோருகிறது என்று அறிய வேண்டும். பொறியியல், கட்டடக்கலை போன்ற துறைகளின் மென்பொருள்கள் சில விண்டோஸ் இயக்குதளத்தில் மட்டுமே இயங்கும்.

பிற நாடுகளில்

கல்வியாண்டு தொடங்கும் காலத்தைப் பொறுத்துச் சலுகைக் காலமும் மாறுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில், தென்கொரியா ஆகிய நாடுகளில் ஆப்பிளின் சலுகை ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. இந்தியாவில் ஆப்பிளின் இணையக் கடை 2020 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்டது. அதிலும் மாணவர்களுக்குக் கல்வி விலை உண்டு.