மாடலிங் வாய்ப்பா, மோசடியா? பணம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க

"தங்கச்சி, நல்ல ஹைட்டா இருக்கீங்க. மாடலிங் பண்ணியிருக்கீங்களா?"

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் நடந்து போகும்போது யாராவது இப்படிக் கேட்டால் மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே கேமரா, லைட், சுவர் நிறைய மாடல்களின் படங்கள். அரை மணி நேரத்தில் "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க" என்கிறார்கள். அடுத்து வருவதுதான் முக்கியமான வாக்கியம்: "போர்ட்ஃபோலியோவுக்கு 1,500 ரிங்கிட். இன்னைக்கே கட்டினா டிஸ்கவுண்ட்."

அங்கேயே நின்று ஒரு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

உண்மையான ஏஜென்சி எப்படிச் சம்பாதிக்கிறது?

மாடலிங் ஏஜென்சி என்பது ஓர் இடைத்தரகர். துணிக்கடையோ விளம்பர நிறுவனமோ மாடலுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஏஜென்சி கமிஷன் எடுத்துக்கொள்ளும். பல நாடுகளில் இது சுமார் 20 விழுக்காடு; சில இடங்களில் கூடுதல். ஒரு வேலைக்கு 1,000 ரிங்கிட் என்றால் உங்களுக்கு 800, அவர்களுக்கு 200. உங்களுக்கு வேலை கிடைத்தால்தான் அவர்களுக்கும் காசு.

மோசடி ஏஜென்சியின் கணக்கு வேறு. ஒரே வாரக் கடைசியில் 30 பேரிடம் ஆளுக்கு 1,500 ரிங்கிட் வாங்கினால் 45,000 ரிங்கிட். அதில் ஒருவருக்குக்கூட வேலை வாங்கித் தர வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் விளம்பர நிறுவனம் இல்லை, நீங்கள்தான்.

"போர்ட்ஃபோலியோ வேணாமா?" என்று கேட்கலாம். முதல் சந்திப்புக்குத் தேவையில்லை. மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் முன்னால் கைப்பேசியில் எடுத்த நாலைந்து படங்களும் உயரம், உடல் அளவு விவரங்களும் போதும். பிற்பாடு நல்ல படங்கள் தேவைப்பட்டால், போட்டோகிராஃபரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். "எங்ககிட்டதான் எடுக்கணும், இன்னைக்கே கட்டணும்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகளை வைத்து விரிக்கும் வலை

வீட்டில் அக்காவோ அண்ணியோ இருந்தால் இதை அவர்களிடமும் சொல்லுங்கள். "உங்கள் குழந்தை மாடல் ஆகலாம்" என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும். படம் அனுப்பியதும் ஒரு டெலிகிராம் அல்லது வாட்சப் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஒரு "டாஸ்க்": பிராண்டுக்கு ஆதரவாகப் பொருளை முன்பணம் கட்டி வாங்குங்கள், பணமும் கமிஷனும் திரும்பி வரும் என்பார்கள். முதல் ஒன்றிரண்டு தடவை சின்னத் தொகை உண்மையிலேயே திரும்பி வரும். நம்பிக்கை வந்து பெரிய தொகை கட்டியதும் அத்தோடு சரி. குழுவில் "எனக்குக் கிடைச்சிருச்சு" என்று சொல்பவர்களும் அவர்களுடைய ஆட்களாகவே இருக்கலாம். 2023-இல் சிங்கப்பூர் போலீஸ் இது பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது.

"சிங்கப்பூர்ல ஷூட்டிங்"

ஜொகூரில் இது தனி ஆசை. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். பாலத்தைத் தாண்டினால் வேலை. ஆனால் அங்கே வேலை செய்ய முறையான அனுமதி வேண்டும். சில படப்பிடிப்புகளுக்கும் ஃபேஷன் ஷோக்களுக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதற்கும், வேலை தொடங்கும் முன் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். "இமிகிரேஷன்ல கேட்டா ஷாப்பிங்னு சொல்லுங்க" என்று ஏஜென்ட் சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள், அவர் இல்லை.

கையெழுத்துக்கு முன் என்ன செய்யலாம்?

• நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். 2019 அக்டோபரில் இருந்து புதிய பதிவு எண் 12 இலக்கம். ஆனால் பதிவு இருப்பதாலேயே நேர்மையான நிறுவனம் என்று அர்த்தமில்லை.

• பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் இணையப்பக்கத்தில் தட்டிப் பாருங்கள். புகார் எதுவும் இல்லையென்றாலும் கவனம் தேவை; அது புதிய கணக்காக இருக்கலாம். நிறுவனம் என்று சொல்லிவிட்டு தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

• இதுவரை எந்தெந்த வேலைக்கு மாடல் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பிறகு அந்தக் கடைக்கோ பிராண்டுக்கோ நீங்களே நேரடியாகப் பேசிச் சரிபாருங்கள்.

• ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் படியுங்கள். 18 வயது ஆகவில்லையென்றால் அம்மா அப்பா இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

• உள்ளாடைப் படம், நிர்வாணப் படம், "பாடி செக்" வீடியோ கால் எதற்கும் சம்மதிக்காதீர்கள். அப்படிப்பட்ட படங்கள் பிறகு மிரட்டப் பயன்படும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரிடம் இப்படிக் கேட்பவர், சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-இன் கீழ் சிக்கக்கூடும்.

• சம்பளம் போட ஏடிஎம் கார்டோ பாஸ்வேர்டோ தேவையில்லை. கணக்கு எண் போதும்.

ஏற்கெனவே பணம் கட்டிட்டீங்களா?

ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் சொல்லலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் தடுக்கத்தான் இந்த அவசரம். பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட், ரசீது, பேசிய எண் எதையும் அழிக்காதீர்கள். மோசடி நிரூபணமானால் குற்றவியல் சட்டம் 420-ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் விதிக்கலாம்.

நிறுவனம் இருக்கிறது, படமும் எடுத்துக் கொடுத்தது, ஆனால் சொன்ன வேலை மட்டும் வரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கட்டாதீர்கள். ஒரு தடவை கட்டினால் மறுபடியும் கேட்பார்கள். போலீசுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே, 15999. "போன பணத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று வருபவர் அடுத்த மோசடிக்காரர்.

"வீட்டுல தெரிஞ்சா திட்டுவாங்க" என்று பலரும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். மாடல் ஆக ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்குள் பணம் இன்னொரு கணக்குக்குப் போயிருக்கும்.