காசநோயும் சென்னை கண்ட சான்றும்

பேசின் பிரிட்ஜைக் கடந்து சென்ட்ரலை நோக்கி விரையும் ரயிலில் அமர்ந்து வெளியே நோக்குவோர்க்கு, தண்டவாளங்களுக்கு அப்பால் நெருங்கி நிற்கும் தொழிலாளர் வீடுகள் தென்படும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் இத்தகைய வீடொன்றில் ஒருவருக்குக் காசநோய் கண்டால், குடும்ப மருத்துவர் என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்குச் சென்னை நகரமே உலகுக்கு விடையளித்தது. அவ்வரலாற்றை மாணவ நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

எலும்புருக்கி என்று மக்கள் அஞ்சிய இந்நோய்க்குத் தூய காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே மருந்தென நெடுங்காலம் கருதினர். இவற்றை அளிக்க எழுந்தவை சானடோரியங்கள். தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையப் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. ஆனால், நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைத்தாலும், கூலிக்குச் செல்பவர் ஓராண்டு வீட்டைப் பிரிந்திருந்தால் அடுப்பில் உலை ஏறுவது எங்ஙனம்?

1952-இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மாத்திரை வழக்கத்திற்கு வந்தது. மாத்திரை மட்டும் போதுமா, சானடோரிய வாசமும் வேண்டுமா என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்க 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார்.

நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றவர் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே முடிவு செய்தது. காரணம் யாது? மருத்துவரிடம் விட்டால், மெலிந்தவரை இரக்கத்தால் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு ஒப்பீடு நேர்மையாக அமையாது. வீட்டிலிருந்தோரை ஊழியர் சென்று கண்டனர், மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்கொண்டனரா என்பதைச் சிறுநீர்ச் சோதனையாலும் அறிந்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த வீடுகளிலேயே இத்துணை வெற்றி! உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று மிகவில்லை. 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

இதனால் உணவு வேண்டா என்று கொள்ளலாகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு ஊட்ட உணவு அளித்தால் அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது குறைகிறதெனக் காட்டியது. ஒரு சான்று எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்று பிரித்தறிவதும் மருத்துவக் கல்வியே ஆகும்.

குடும்ப மருத்துவருக்கென வகுக்கப்படும் நெறி எதைக் காணினும், “இது எவ்வாறு தெரியவந்தது?” என்று நான் கேட்பதுண்டு. நீங்களும் கேளுங்கள். பெரியோர் பலர் நம்பிய கருத்தையும் சோதித்துப் பார்க்கச் சிலர் துணிந்தமையால், எண்ணற்ற ஏழைத் தொழிலாளர் தம் மக்களைப் பிரியாமலே நலம் பெற்றனர்.