ரோக்கா: வயலின் செய்த தந்தையும் மகனும்

ஜுசெப்பே ரோக்கா (1807–1865), அவர் மகன் என்ரிக்கோ ரோக்கா (1847–1915) இருவரும் இத்தாலிய வயலின் கைவினைஞர்கள். தந்தையின் பெயர் டூரின் நகரோடும், மகனின் பெயர் துறைமுக நகரான ஜெனோவாவோடும் சேர்ந்து வழங்கும்.

ஜுசெப்பே பிறந்தது பீட்மாண்ட் பகுதியில், ஆல்பாவை அடுத்த பார்பரெஸ்கோவில். இன்று ஒயினுக்குப் பேர்போன ஊர் அது. தொடக்கத்தில் அவர் ரொட்டி சுடும் தொழிலில் இருந்தார். 1830களில் டூரினுக்கு வந்து, அங்கே முதன்மையான கைவினைஞராக விளங்கிய ஜொவான்னி பிரான்செஸ்கோ பிரெசெண்டாவிடம் வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் தனிப் பட்டறை வைத்தார்.

அவர் போக்கையே மாற்றியவர் லூயிஜி தரீசியோ. பழைய வயலின்களைத் தேடிப்பிடித்துப் பாரிஸில் விற்ற வியாபாரி. புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த ‘மெசாயா’ வயலின் அவர் வசம் இருந்தது. அதன் புகழைப் பாரிஸ்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசினாரே தவிர, கண்ணில் காட்டவில்லை. 1854இல் தரீசியோ இறந்தபின், வியோம் என்ற பாரிஸ் கைவினைஞர் அதை வாங்கிய பிறகே அது அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் தரீசியோ வழியாக அதை அறிந்த ரோக்கா 1840களிலேயே டூரினில் அதன் வடிவில் வயலின் செய்துகொண்டிருந்தார்! பிற்காலத்தில் ‘மெசாயா’வே வியோம் செய்த போலி என்று சிலர் ஐயம் கிளப்பியபோது, அதை மறுத்தவர்களுக்கு ரோக்காவின் வயலின்கள் நல்ல சான்றாயின.

நகல் எடுப்பவருக்கு ‘மெசாயா’ ஒரு வரம். பல கை மாறி வாசிக்கப்பட்ட வயலினில் மூலைகள் மழுங்கி, விளிம்பு தேய்ந்து, வார்னிஷ் உரிந்திருக்கும். முதலில் எப்படி இருந்தது என்று ஊகித்துத்தான் செய்ய வேண்டும். ‘மெசாயா’வோ அதிகம் வாசிக்கப்படாதது. உளி பட்ட கூர்மை மூலைகளில் அப்படியே நிற்கும். மற்றொரு பழைய கைவினைஞரான குவார்னேரி தெல் ஜேசுவின் 1742ஆம் ஆண்டு ‘அலார்’ வயலினையும் ரோக்கா மாதிரியாகக் கொண்டார். இவ்விரண்டைத் தாண்டி அவர் அதிகம் போகவில்லை. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. அந்த இரண்டை அவரளவுக்கு உள்வாங்கியவர்கள் மிகச் சிலரே.

பின்னாளில் ஜெனோவாவுக்குக் குடிபெயர்ந்த ஜுசெப்பே, 1865 ஜனவரியில் கிணற்றில் விழுந்து இறந்தார். அப்போது என்ரிக்கோவுக்கு 17 வயது. அவர் ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பல் தச்சராக வேலை செய்தார். இசைக்கருவிப் பக்கம் திரும்பியபோதும் முதலில் செய்தவை மாண்டலினும் கிதாரும்தான். வயலினில் முழுமூச்சாக இறங்கியது நடுவயதுக்குப் பிறகே. தந்தையின் வடிவங்களையே பின்பற்றினாலும், அவர் வேலையில் தந்தையின் நுட்பத்தைவிடத் தச்சரின் கைவலுவே முன்னால் தெரியும்.