ஆயிரம் மணித்தியால மின்குமிழ்

போட்டி இருந்தால் விலை குறையும், தரம் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான் பாதியில் விட்ட பல்கலைக்கழகப் படிப்பிலும் அதையே சொல்லித் தந்தார்கள். சுவிசில் நான் வேலை செய்யும் உணவகத் தெருவில் இது உண்மைதான். ஒருவர் மதியச் சாப்பாட்டில் ஒரு பிராங்க் குறைத்தால் மற்றவர்களும் குறைத்தே ஆகவேண்டும். அந்த ஒரு பிராங்க் கடைசியில் குசினியில் கோப்பை கழுவுகிறவனின் சம்பளத்தில்தான் பிடிபடும் என்பது வேறு கதை. பெரிய முதலாளிகளும் இப்படித்தான் மோதிக்கொள்கிறார்களா?

ஜெனீவா என்றதும் எம்மவர்களுக்கு ஐ.நா. முன்றலும் ஊர்வலங்களும்தான் ஞாபகம் வரும். 1924 டிசம்பரில் அதே நகரத்தில் வேறொரு கூட்டம் நடந்தது. ஜெர்மனியின் ஒஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் போன்ற மின்குமிழ் நிறுவனங்கள் கூடி 'ஃபீபஸ்' என்ற கார்ட்டலை உருவாக்கின. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தனது வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் மூலம் அதில் பங்குபற்றியது. கார்ட்டல் என்றால் வேறொன்றுமில்லை, போட்டி போடவேண்டியவர்கள் போட்டி போடாமல் இருப்பதற்குச் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

யார் எந்த நாட்டில் எவ்வளவு விற்பது என்று உலகத்தையே பங்கு போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அதுவரை 1500 முதல் 2000 மணித்தியாலம் வரை எரிந்த குமிழ்களின் ஆயுளை 1000 மணித்தியாலமாகக் குறைக்கவும் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் மாதிரிக் குமிழ்களைச் சுவிஸ் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். கூடுதலான நேரம் எரிந்தால் அபராதம்! நல்ல பொருள் செய்ததற்குத் தண்டனை.

ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் குறையும், அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும் என்று நிறுவனங்கள் நியாயம் சொல்லின. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரகாசமான குமிழா, நீண்டநாள் எரியும் குமிழா என்று தெரிவு செய்யவேண்டியவர் வாங்குகிறவர் அல்லவா? அந்தத் தெரிவே சந்தையில் இல்லாமல் செய்யப்பட்டது.

இதை எதிர்த்துப் போட்டிக்கு வந்தது யார்? இன்னொரு முதலாளி அல்ல. சுவீடன், நோர்வே, டென்மார்க் நாட்டுக் கூட்டுறவாளர்கள். எங்கள் ஊரில் சங்கக்கடை என்றால் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற இடம். அங்கே சங்கங்கள் ஸ்ரொக்ஹோமில் 'லூமா' என்ற தொழிற்சாலையையே கட்டின. கார்ட்டலின் மிரட்டல்களுக்குப் பணியாமல் 1931 முதல் மலிவு விலையில் குமிழ்களை விற்றன.

ஃபீபஸ் 1939ல் தொடங்கிய உலகப் போரோடு குலைந்தது. மின்குமிழ்ச் சந்தையில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஏகபோகச் சட்டத்தை மீறியது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1949ல். கால் நூற்றாண்டு கடந்து!

சந்தையைத் தன்பாட்டில் விட்டால் போட்டி தானாகவே நடக்கும் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். சின்னக் கடைக்காரனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் போட்டி கட்டாயம். பெரியவர்களுக்கு மட்டும் அது ஏன் விருப்பப் பாடம்?