காசா குடுத்தோம், கேக்குறதுக்கு?

என் சித்தி ஒரு அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காத்துக் கிடந்து, பார்ப்பாரில்லாமல் திரும்பி வந்தாள். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். ‘காசா குடுத்தோம், கேக்குறதுக்கு?’ என்றாள். அவள் வாயில் பேசியது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

இச்சட்டத்தின் வம்சாவளியை 1962 மார்ச் 15இலிருந்து தொடங்குவது வழக்கம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அன்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் பாதுகாப்பு, தகவல், தேர்வு, தன் குரல் கேட்கப்படுதல் என நான்கு உரிமைகளை எண்ணிச் சொன்னார். 1985இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள், மறுவருஷம் நம் சட்டம். இந்தச் சொல்லாடலில் பேச அனுமதிக்கப்பட்டவன் குடிமகன் அல்லன், வாங்குபவன். இதற்காகச் சட்டத்தை முழுக்க நிராகரிக்க நான் தயாரில்லை. ஆரம்பத்தில் கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சாமானியன் தானே போய் வழக்காட முடிந்தது சின்ன விஷயமா?

சிக்கல் 1995 நவம்பர் 13இல் வந்த சாந்தா வழக்குத் தீர்ப்பில் வெளிப்படுகிறது. மருத்துவர்கள் தாங்கள் இச்சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, சரிதான். ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி, அரசினுடையதானாலும், சட்டத்துக்கு வெளியே என்றது. பதிவுக்கென்று கொடுக்கும் சில்லறை கணக்கில் வராது. கட்டிய வரியும் விலையாகாது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. அதாவது பக்கத்து வார்டில் ஒருவன் காசு கட்டிப் படுத்திருந்தால் ஏழைக்கும் உரிமை உண்டு. (சிவில் கோர்ட் இருக்கிறதே என்பார்கள். அந்தப் படிகளை ஏற முடியாதவர்களுக்காகத்தானே இச்சட்டம்?)

தமிழ் படித்தவனுக்கு ‘நுகர்வு’ வேறுவிதமாகக் கேட்கிறது. மணிமேகலை சொல்லும் பன்னிரு சார்புகளில் ஊறுக்கும் வேட்கைக்கும் நடுவில் நிற்பது அது. புலன்வழி வந்ததைப் பட்டறிதல். சித்தி மூன்று நாள் வராந்தாவில் பட்டதும் அதுதான், ரசீது இல்லாமல்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இணைய வணிகத்தை உள்ளே சேர்த்துக்கொண்டது. கட்டணமின்றி அளிக்கும் சேவை மட்டும் பழையபடி வெளியே. சித்தியிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். ‘அதத்தான நானும் அன்னைக்குச் சொன்னேன்’ என்றாள்.