விளம்பரப் பத்தியிலிருந்து கைத்தொலைபேசிக்கு

மார்க்கத்தில் எந்தக் கலியாண வீட்டிற்குப் போனாலும் ஒரு முறைப்பாடு காதில் விழுகிறது: "இப்பத்தைப் பிள்ளையள் போனைப் பாத்துத்தான் கலியாணம் எண்டால் என்ன எண்டு படிக்குதுகள்." சொல்பவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்து, ஸ்காபரோ அடுக்குமாடிகளில் குடியிருந்து, பின்னர் ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே வீடு வாங்கியவர்கள். தங்கள் கலியாணங்கள் எப்படி ஒப்பேறின என்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

1983இன் பின் ஆண்கள் வெளியேறினர், பெண்கள் ஊரில் நின்றனர். இடையிலிருந்த தூரத்தை நிரப்பியவை தரகரும் தபாலும் பத்திரிகையுந்தான். வீரகேசரியிலும் (1930) ஈழநாட்டிலும் (1959) வந்த மணமகள் தேவை விளம்பரங்களின் நாலைந்து வரிகளில் சமயம், சாதி, நட்சத்திரம், செவ்வாய், உத்தியோகம் எல்லாம் அடங்கிவிடும். பிறகு உத்தியோகத்தின் இடத்தை வெளிநாட்டு வதிவிட உரிமை பிடித்துக்கொண்டது. ரொறன்ரோவின் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகள் அதே பத்தியை இங்கும் தொடர்ந்தன. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன ஆண்டுகளில், பேசி முடித்த பெண்ணின் குரலைக் கேட்பதென்றால் அவள் கொழும்புக்கு வந்தாக வேண்டும். கலியாணம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ நடக்கும்; வீடியோ கொப்பி இங்கு வந்து சேரும். நம் பிள்ளைகள் பலர் பொன்னுருக்கையும் கூறையையும் முதன்முதல் கண்டது வரவேற்பறையில் ஓடிய அந்தக் கசற்றில்தான்.

அரசும் இதற்குள் நுழைந்தது. துணையைக் கூப்பிட விண்ணப்பித்தவர்கள் உறவு உண்மையானதென்று காட்டப் படங்களையும் கடிதங்களையும் தொலைபேசிக் கட்டணச் சீட்டுகளையும் சேர்த்து வைத்தார்கள். (காதல் கடிதத்தை அதிகாரி வாசிப்பார் என்று தெரிந்தே எழுதிய தலைமுறை நம்முடையது.) ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ தொலைநகலிலோ இணையத்திலோ செய்த திருமணம் குடிவரவுக்குச் செல்லாது என்று 2015 யூனில் கனடா விதி வகுத்தது.

இனி இணையம். 1997இல் அமெரிக்காவிலிருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழருக்கென ஒரு தளம் தொடங்கினார். அதன் திருமணப் பகுதியே பின்னர் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. இத்தகைய தளங்களின் படிவத்தைப் பழைய பத்திரிகைப் பத்தியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே கேள்விகள், இப்போது பெட்டிகளாக! 2020இல் சாதி.காம் எனும் தளத்தில் (பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இந்தியில் 'ஷாதி' என்றால் திருமணம்) தோல் நிறத்தைக் குறிக்கும் வசதி, வட அமெரிக்காவில் வாழும் இளம் பெண்களின் எதிர்ப்பினால் நீக்கப்பட்டது. நம் சாதியைக் கேட்கும் பெட்டி அதனுடன் போகவில்லை.

எனினும் ஒரு மாற்றம் உண்மையானது. அந்த விளம்பரத்தைப் பெற்றோர் எழுதினர். பெண் அதில் பேசப்பட்டாளே தவிரப் பேசவில்லை. இன்று தன்னைப் பற்றி அவளே எழுதுகிறாள், வேண்டாமென்றும் அவளே சொல்கிறாள். 2020இல் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில், மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள் மைத்ரேயி ராமகிருஷ்ணன் நாயகியாக நடித்தபோது, நம் பெண்கள் தம்மைப்போல ஒருத்தியைத் திரையில் கண்டார்கள். கதையில் அவளது மச்சாள் முறையானவளுக்கு வீட்டார் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதைத் தாயும் மகளும் சேர்ந்திருந்து பார்த்த வீடுகளில் நடந்த வாக்குவாதங்கள் எந்தக் கருத்தரங்கிலும் நடந்ததில்லை.

என் பெறாமகள் ஒருத்தி கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் ஒரு பெடியனுடன் இரண்டு கிழமை எழுதிக்கொண்டிருந்தாள். இருவரும் இங்கே பிறந்தவர்கள். அவன் எந்த ஊர் என்று கேட்டானாம். ஸ்காபரோ என்றாள். "அதில்லை, அம்மான்ரை ஊர்" என்று எழுதினானாம். எதற்குக் கேட்கிறான் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அதை அவள் எந்தப் போனிலும் படிக்கவில்லை.